கவிழ்த்துப் பார்க்கிறவர்கள்

ஒரு மண்ஜாடியைக் கையில் எடுத்தால் முதலில் என்ன செய்வோம்? உள்ளே எட்டிப் பார்ப்போம். சுண்டிப் பார்ப்போம், கீறல் விட்டிருக்கான்னு. கனம் பார்ப்போம். சேகரிக்கிறவர் இதில் எதையும் முதலில் செய்வதில்லை. எடுத்தவுடன் கவிழ்க்கிறார். அடியில் முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, எண் இருக்கிறதா. இருந்தால் முகம் மலர்கிறது (மலர்ந்ததைக் கடைக்காரன் கண்டுவிடாமல் உடனே மறைத்துக்கொள்ளவும் வேண்டும்). இல்லையென்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிறார். பாத்திரத்தின் வாய் நமக்கு, அடி அவருக்கு.

இதை எனக்குச் சொன்னது பாரிஸில் இருக்கும் ஈழத்து நண்பர் ஒருவர். உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலையில் சேர்ந்து, இருபது வருடத்துக்குப் பிறகு இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறார். வாரக் கடைசியில் வேலை இல்லாத காலையில் நகரத்தின் தென்கோடியில் உள்ள வான்வ் தெருச்சந்தைக்குப் போவார். கோடையில் பரண் ஒழிக்கும் சந்தைகளுக்கும். அங்கேயிருந்து ஐந்து யூரோ, பத்து யூரோவுக்கு 1950களின் பிரெஞ்ச் மட்கலங்களை வாங்கிவந்து ஓர் அறை வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார். எனக்கு அனுப்புகிற புகைப்படங்களில் பாதி, பாத்திரங்களின் அடிப்பாகம்தான். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வலோரிஸ் எங்கே, மதூரா எங்கே என்று தெரிந்ததெல்லாம் அந்தப் படங்கள் வழியாகத்தான். அதற்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்த அடிப்பாக முத்திரைகள் மீது எரிச்சல் கூடிக்கொண்டே போயிற்று. அந்த எரிச்சலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நண்பர் இதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வலோரிஸ், தெற்குப் பிரான்சில் கான் நகரத்துக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் உள்ள ஊர். அந்த ஊர் மண் தீயைத் தாங்கும். அடுப்பில் வைக்கிற குண்டான்களும் வாணல்களும் அங்கிருந்துதான் மத்தியதரைக் கடலோரம் முழுக்கப் போயின. உட்புறம் காரீயம் கலந்த மெருகு, வெளிப்புறம் வெறும் மண். இதைச் செய்தவர்களுக்குக் கையெழுத்துப் போடும் வழக்கம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மசியே குடும்பம் பளபளக்கும் உலோகச் சாயல் பூச்சோடு அலங்காரக் கலங்கள் செய்து பணக்காரப் பயணிகளுக்கு விற்றது உண்மை. ஆனால் ஊர் பிழைத்தது குண்டானால். அலுமினியமும் வார்ப்பிரும்பும் வந்தபிறகு குண்டானை யார் வாங்குவது? ஒன்றன்பின் ஒன்றாகச் சூளைகள் அணைந்தன.

1938இல் சுசான் ரமியே, ழார்ழ் ரமியே தம்பதியர் அங்கே மதூரா என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். இந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'மேஸோன்' என்ற சொல்லிலிருந்து 'ம', 'துலி' என்பதிலிருந்து 'தூ', 'ரமியே'யிலிருந்து 'ரா'. துலி என்பது சுசானின் பிறந்த வீட்டுப் பெயர். பட்டறையில் மண்ணைத் தெரிந்தவர் அவர்தான். பழைய புரொவான்ஸ் சமையல் பாத்திரங்களின் வடிவங்களை எடுத்து, கழுத்தை நீட்டி, வாயைச் சுருக்கி, கைப்பிடியை இடம்மாற்றிப் புது வடிவங்களை உண்டாக்கியதும் அவர்தான். அந்தப் பெண்ணின் பெயர் முத்திரையின் நடுவில் ஒரே ஒரு அசையாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. கவிழ்த்துப் பார்க்கிற எத்தனை பேர் அந்த அசையை வாசிக்கிறார்கள்?

1946 கோடையில் ஊரில் நடந்த மட்கலக் கண்காட்சிக்கு பிக்காஸோ வருகிறார். மதூராவில் விளையாட்டாக இரண்டு மூன்று உருவங்கள் பிடிக்கிறார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கை நிறைய வரைபடங்கள். 1948இலிருந்து 1955 வரை அந்த ஊரிலேயே குடியிருந்தார். 1944இலேயே பிரெஞ்ச் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்த சேதி. உடைந்த குண்டான் ஓடுகளை எடுத்து அதன்மேல் முகங்கள் தீட்டினார். சூளைக்குள் பாத்திரங்களைத் தாங்க வைக்கிற ஓடுகளைக்கூட விடவில்லை. சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த ஈரம் காயாத குப்பியின் கழுத்தைத் திருகி அதைப் புறாவாக மாற்றினார். இதெல்லாம் அற்புதமான காரியம்தான், மறுக்கவில்லை. ஒரு ஊர் அடுப்படியின் குப்பைமேட்டிலிருந்து இப்படி எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் அந்தக் குப்பியை வனைந்தது யார்? பிக்காஸோ சக்கரத்தில் உட்காரவில்லை. மதூராவின் தலைமை வனைஞர் ழூல் அகார் சக்கரத்தில் வனைந்து தருவார். மண்ணுக்கு எந்தப் பதம் வந்தால் வளைக்கலாம், எந்தப் பதத்தில் வளைத்தால் வெடிக்கும் என்கிற கணக்கு அகாரின் விரலில் இருக்கிறது. புறாவாகத் திருகப்படப்போகிற குப்பி சாதாரணக் குப்பியைவிட வேறு கனத்தில் இருக்கவேண்டும். திருகுவதற்கு முன்பே அந்தத் திருகலை வனைகிறவர் யோசித்திருக்க வேண்டும். புறாவில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. முத்திரையில் அகார் இல்லை.

இனி பதிப்புகளுக்கு வருவோம். ஆமாம், புத்தகம் மாதிரியேதான். பிக்காஸோ செய்த மூலத்தைப் பார்த்து மதூரா பட்டறையில் பிரதிகள் செய்து விற்றார்கள். இரண்டு வழி. ஒன்று, அதே வடிவத்தை மறுபடி வனைந்து, அதே சித்திரத்தைக் கையால் மறுபடி தீட்டுவது. இன்னொன்று, மூலத்திலிருந்து சுண்ண அச்சு எடுத்து அதில் மண்ணை அழுத்துவது. 1947இலிருந்து 1971 வரை 633 வகைகள். ஒவ்வொன்றும் 25 முதல் 500 பிரதி வரை. மலிவாக, சாதாரண மக்கள் கையில் போய்ச் சேரவேண்டும் என்பதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. கம்யூனிஸ்ட் ஒருவருக்கு வரவேண்டிய ஆசைதான். இயந்திரத்தில் ஒன்றைப் பலவாக்கும் காலத்தில் கலைப்பொருளின் தனித்துவ ஒளிவட்டம் கலைந்துவிடும் என்று வால்டர் பெஞ்சமின் நம்பினார் அல்லவா? இங்கே நடந்தது வேறு. பிரதி எடுத்தார்கள், ஒவ்வொரு பிரதியின் அடியிலும் ஒளிவட்டத்தை முத்திரையாகக் குத்தியும் கொடுத்துவிட்டார்கள். 2012 ஜூனில் மதூரா குடும்பத்திடம் இருந்த கலங்கள் லண்டன் கிறிஸ்டீஸில் ஏலம் போயின. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உருப்படிகள், ஒன்றுகூட மிச்சமில்லை. மொத்தம் ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டு. சாதாரண மக்கள் கைக்கு என்று தொடங்கிய பயணம் எங்கே போய் நின்றது பாருங்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுகிற முரண் ஒன்று உண்டு. வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? 'கை'க்கு. ஆலையில் செய்ததல்ல, கையால் செய்தது என்பதற்கு. ஆனால் கையெழுத்தில் உள்ள பெயருக்கும் அந்தப் பிரதியைச் செய்த கைக்கும் சம்பந்தம் கிடையாது. நூறு பிரதியில் எழுபத்திரண்டாவதின் மேல் அந்தக் கண்ணையும் மூக்கையும் தீட்டியவர் பட்டறையின் சம்பளக்காரர் ஒருவர். காலையில் பத்து கண், மாலையில் பத்து கண். கைவேலையின் பெயரால் விற்கப்படும் பொருளிலேயே கைவேலை இப்படி மறைக்கப்படுகிறதுன்னா, பண்டம் எப்படி உழைப்பை விழுங்குகிறது என்பதற்கு மார்க்ஸ் சொன்ன மேசை உதாரணத்தைவிட இது நல்ல உதாரணம்.

சரி, அது பிக்காஸோ விவகாரம். ஓவியர் வந்து குயவர் ஊரில் புகுந்த கதை. தானே மண் பிசைந்து, தானே வனைந்து, தானே பூசி, தானே சூளை வைக்கிற தனிப்பட்டறைக் குயவர்கள் இருந்தார்களே, அவர்கள் கதை வேறல்லவா என்று கேட்கலாம். வேறுதான். ஆனால் அங்கேயும் கொஞ்சம் கிளறிப் பார்க்கவேண்டும்.

பிரான்சின் நடுவில், பூர்ழ் நகரத்துக்கு அருகில், லா போர்ன் என்றொரு கிராமம். இங்கே மண் வேறு ஜாதி. விறகுச் சூளையில் நாள்கணக்கில் எரித்து 1250 பாகைக்கு மேல் போனால் கல்லாக இறுகும். உப்பு ஜாடி, எண்ணெய்க் குப்பி, ஊறுகாய்ப் பானை. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள். அதில் தால்போ குடும்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரி என்றொரு பெண் இருந்தார். பெண் உருவக் குப்பிகள் செய்து அதில் தன் பெயரையே பொறித்தார். படிப்பாளிக் கலைஞர்கள் யாரும் வந்து 'நீ கலைஞர்' என்று சொல்வதற்கு எத்தனையோ ஆண்டு முன்னால் இது நடந்தது. பெயர் போடுவது என்பதே முதலாளியச் சூழ்ச்சி என்று சுலபமாக முடித்துவிட முடியாமல் இந்த மரி தால்போ என்னைத் தடுக்கிறார்.

1940களில் இந்தக் கிராமத்துக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வயதான பால் பெயேர் வந்து 1945இல் அங்கேயே இறந்துபோனார். ழான் லெரா, ழாக்லின் லெரா. 1946இல் பல்கேரியாவில் பிறந்த வாஸில் இவனோஃப். ஏன் இந்த நேரத்தில் கிராமத்துக்கு வரவேண்டும்? 1940இலிருந்து 1944 வரை நாஜிகளுக்கு இணங்கி ஆண்ட விஷி அரசு 'மண்ணுக்குத் திரும்பு', 'கைத்தொழிலைக் காப்பாற்று' என்று முழங்கிக்கொண்டிருந்தது. உழைப்பு, குடும்பம், தாயகம் என்பது அதன் முழக்கம். கிராமத்துப் பானை அந்த முழக்கத்துக்கு வசதியான பிம்பம். இதனால் லா போர்ன் போனவர்களெல்லாம் விஷிக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது அயோக்கியத்தனம். மண், கை, கிராமம் என்கிற சொற்கள் தாமாகவே முற்போக்கானவை என்று நாம் எடுத்துக்கொள்கிற பழக்கத்துக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏனென்றால் அதே காலத்தில் அதே மண்ணைத் தொட்ட இன்னொருவர் இருக்கிறார். ழார்ழ் ழூவ், 1910இல் பிறந்தவர். ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து வெளிவந்து திரோம் பகுதியில் உள்ள தியல்ஃபி என்ற சிற்றூரில் அடைக்கலம் புகுந்தார். அதுவும் குயவர்கள் நிறைந்த ஊர்தான். யூதர்களையும் அகதிகளையும் ஊரே சேர்ந்து ஒளித்துவைத்துக் காப்பாற்றிய இடம் என்பது அதன் இன்னொரு பெருமை. ழூவ் பானை வேலையைக் கற்றது அங்கேதான். பிறகு பாரிஸ், அப்புறம் எக்ஸ், 1964இல் மரணம். உருளைகள், தட்டையான கல் போன்ற உருவங்கள், எண்ணெய் பூசியதுபோல ஆழமாக மினுங்கும் கறுப்பு மெருகு. பெயரோடு ஆல்ஃபா எழுத்து மாதிரி ஒரு குறியும் போடுவார். படத்தில் பார்த்தாலே தொட்டுப் பார்க்கணும்போல இருக்கும். இன்று அவருடைய நல்ல துண்டு ஒன்று ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டுகிறது. தேதிப்பட்டியல், உயரம், அகலம், முந்தைய உடைமையாளர் எல்லாம் விரிவாகத் தரப்படுகிற ஏலப் பக்கங்களில் தியல்ஃபிக்கு அரை வரி கிடைத்தால் அதிகம்.

'ஐம்பதுகளின் பிரெஞ்ச் மட்கலம்' என்பது ஐம்பதுகளில் இருந்த பொருளல்ல. அது எண்பதுகளுக்குப் பிறகு கட்டமைக்கப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இவை பழைய மோஸ்தர் என்று பரணுக்குப் போனவை. பாரிஸில் 1984இல் நெயோத்தூ என்ற காட்சிக்கூடத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பியேர் ஸ்டாடன்மேயர், 2001இல் ஐம்பதுகளின் பிரெஞ்ச் மட்கலம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இன்றைக்கும் சேகரிப்பவர்களின் வேதம் அது. ரசனையும் உழைப்பும் உள்ள நூல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கேள்வி சின்னது: விற்கிறவர்களே வரலாற்றையும் எழுதினால், விற்க முடியாதது வரலாற்றில் எங்கே போகும்? பெயர் இல்லாத சூளைக்கு அத்தியாயம் ஒதுக்க முடியுமா? ஒதுக்கினாலும் அது 'மற்றவை'.

(இடையில் ஒன்று. ழூவின் ஜாடியை ஏலப் படத்தில் பெரும்பாலும் ஒரு தேக்கு மேசைமேலோ நாற்காலிக்குப் பக்கத்திலோ வைத்துக் காட்டுவார்கள். அந்த நாற்காலி பல சமயம் சண்டிகரிலிருந்து போனது. பியேர் ழான்னரே வடிவமைத்து, உள்ளூர்த் தச்சர்கள் செய்து, அரசு அலுவலகங்களில் உட்கார்ந்து தேய்ந்து, கழித்துக்கட்டிய மரம் என்று ஏலம் விடப்பட்ட நாற்காலிகள். பாரிஸ் வியாபாரிகள் சிலர் அள்ளிப்போனார்கள். சண்டிகர்த் தச்சரும் வலோரிஸ் வனைஞரும் ஒரே புகைப்படத்தில் சந்திக்கிறார்கள், இருவருக்கும் பெயர் இல்லாமல். நம்மூர் வேளார் தெருவையும் இங்கே இழுத்துவந்து ஒப்பிடக் கை அரிக்கிறது. செய்யப்போவதில்லை. நம் ஊரில் பானை செய்கிறவரின் பெயரை அழிப்பது சந்தை மட்டுமல்ல, சாதி. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.)

விற்க முடியாமல் கிடந்தவை எவை? 1936இல் பிரெஞ்ச் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வாரச் சம்பள விடுமுறையைப் பெற்றார்கள். 1956இல் அது மூன்று வாரமானது. முதல்முறையாகக் கடலைப் பார்க்கப் போன தொழிலாளர் குடும்பங்கள் தெற்கிலிருந்து திரும்பும்போது நினைவாக ஏதாவது கொண்டுவர வேண்டாமா? வலோரிஸின் பட்டறைகள் அவர்களுக்காகச் செய்தன: மீன் வடிவத் தட்டு, சிப்பி ஒட்டிய விளக்கு, எரிமலைக் குழம்புபோலப் பொங்கிய சிவப்புப் பூச்சு, சிள்வண்டு உட்கார்ந்த சாம்பல்கிண்ணம். வடக்கே அக்கோலே ஊர்க் குயவர்கள் 1945இலிருந்து இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். தெற்கே போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், பெட்ரோல் போடுகிற இடத்தில், ஜாடிகளை அடுக்கி விற்றார்கள். கார் நின்றால் வியாபாரம். இவற்றை ரசனையாளர்கள் நெடுங்காலம் சிரித்தே ஒதுக்கினார்கள். ரசனை என்பது வர்க்கம் தன்னை மற்ற வர்க்கத்திடமிருந்து பிரித்துக்காட்டுகிற வேலி என்று பூர்தியு விரிவாகக் காட்டியிருக்கிறார், திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல துண்டுகள் எல்லாம் விலை ஏறிவிட்ட பிறகு, இப்போது சந்தை அக்கோலே பக்கம் திரும்பியிருக்கிறது. நேற்று சிரித்தவர் இன்று கவிழ்த்துப் பார்க்கிறார்.

பரண் ஒழிக்கும் சந்தைக்கு இவை எப்படி வருகின்றன என்பதையும் யோசிக்கவேண்டும். பாட்டி சாகிறாள். பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்கிறார்கள். 1957இல் ஒரு ரயில்வே தொழிலாளி மூன்றாவது வார விடுமுறையில் மனைவிக்கு வாங்கித்தந்த மீன் தட்டு, தெருவில் ஒரு போர்வைமேல், மூன்று யூரோ. சேகரிப்பாளர் வாங்கும்போது அந்த ரயில்வே தொழிலாளி கழன்றுவிழுகிறார். பட்டறைப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. சேகரிக்கப்படும் பொருள் பயன்பாட்டிலிருந்து பிடுங்கப்பட்டுச் சேகரிப்பவரின் சுயத்தைச் சுற்றி அடுக்கப்படுகிறது என்கிற பொத்ரியாரின் வாதம் 1968இலேயே வந்தது. நானும் அதை அப்படியே வைத்து இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன்.

முடிக்கவிடாமல் செய்தது நண்பர். வரைவை அவருக்கு அனுப்பினேன். தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லாம் சரி. நீர் ஒருக்கா எண்டாலும் ஒண்டைக் கையில தூக்கிப் பார்த்தனீரோ?" என்று கேட்டார். இல்லை. "அதுதான் பாரும். நான் நாள் முழுக்க மற்றாக்கள் திண்ட கோப்பையைக் கழுவினனான். எது கனம், எது வழுக்கும், எது உடையும் எண்டு எனக்குக் கைக்குத் தெரியும். சாமானை நான் பேர் பார்த்து மட்டும் வாங்கிறதில்லை. வடிவாப் பட்டுது, வாங்கினன்."

ஈழத்துத் தமிழில் 'வடிவு' என்றால் அழகு. நமக்கு அது உருவம். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துப் பேசுகிறவரிடம் அழகியல் பற்றி நான் என்ன பேசுவது? சுசான் ரமியே அந்தப் பழைய சமையல் பாத்திரங்களில் கண்டது அழகா உருவமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை.

அவர் இன்னும் சொன்னார். கவிழ்ப்பது முத்திரைக்காக மட்டுமில்லை. அடியில்தான் பூச்சு இருக்காது, அங்கேதான் மண் தெரியும். வலோரிஸ் மண் சிவந்திருக்கும், லா போர்ன் மண் சாம்பலும் பழுப்பும். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்த வளையம் தெரியும். அச்சில் அழுத்தியதென்றால் அந்த வளையம் இருக்காது. போலி முத்திரையை அவர் பிடிப்பதே இப்படித்தான். அதாவது, பெயரைத் தேடிப்போகிற அதே அடிப்பாகத்தில்தான் பெயர் போடாத கையின் தடமும் கிடக்கிறது. சேகரிப்பாளரிடம் இந்த அறிவு இருக்கிறது. ஏலப் பட்டியலில் இல்லை, என் கட்டுரையிலும் இதுவரை இல்லை. பெயரற்ற உழைப்பாளிக்காக வாதாடுகிறேன் என்று கிளம்பிய நான், அந்த உழைப்பை அடையாளம் காணும் திறமை உள்ள ஓர் உழைப்பாளியைப் 'பண்ட வழிபாட்டாளர்' பெட்டியில் போட்டுவிட்டேன். கோட்பாடு படித்தவர்களுக்கு வருகிற வியாதி இது. எனக்கும் இருக்கிறது.

ஆனாலும் நான் முழுக்கச் சரணடையவில்லை. அவர் அறையில் இருப்பவற்றை விலை கேட்டு ஒரு வியாபாரி வந்தாராம். ஏழெட்டுத் துண்டுக்கு நல்ல விலை சொல்லியிருக்கிறார், எல்லாம் முத்திரை உள்ளவை. கறுப்பாக, கைப்பிடி கொஞ்சம் கோணலாக, அடியில் ஒன்றுமே எழுதாத ஒரு தண்ணீர்க் கூஜா இருக்கிறது. நண்பருக்கு உயிர் அது. வியாபாரி அதைத் தூக்கிக் கவிழ்த்தார், வைத்துவிட்டார். அந்த ஒரு கணத்தில் நண்பருடைய கை அறிவுக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று தெரிந்துவிட்டதல்லவா என்று கேட்டேன். "அது அவற்றை பிழை" என்றார். யாருடைய பிழை என்பதில் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

முத்திரை உள்ளவற்றில் இரண்டை விற்றுவிட்டார். ஊரில் தங்கைக்கு வீட்டுக்கூரை போடக் காசு தேவைப்பட்டது. கூஜாவை மேசைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறார். பழைய மெருகில் காரீயம் இருக்கும், குடிக்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு, தான் அதைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டதாகவும், அது சூடு ஏறின லா போர்ன் மண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறார். போன வாரம் அதன் அடியைத் திரும்பவும் படமெடுத்து அனுப்பியிருந்தார். விளிம்பு ஓரமாக ஈரமண்ணில் பதிந்த விரல் ஒன்றின் பள்ளம், சின்ன விரல். பெண்ணாயிருக்குமோ, பட்டறையில் வேலை பார்த்த பொடியனாயிருக்குமோ என்று கீழே எழுதியிருந்தார்.